மூளைப் படம் யாருக்குரிய செய்தி?

மனிதனுக்கு வல்ல அல்லாஹ் வழங்கியுள்ள நிஃமத்துகளில் அறிவுக்கு ஈடானது வேறொன்றில்லை. தொழுகையும் நோன்பும், கொடுக்கல் வாங்கலும், நிக்காஹும் வஸிய்யத்தும் அறிவு என்ற ஒன்றைக் கொண்டே ஒரு மனிதர் மீது கடமையாகின்றன. அல்லது அவரிடமிருந்து செல்லுபடியாகின்றன. அந்த அறிவு ஒரே நாளில் பறிபோகாமல், கடலோரத்து மணல் அரிபடுவதைப் போல் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகக் கரைந்து போகும் நோய் ஒன்று உண்டு. அல்சைமர் நோய் என்று அதற்குப் பெயர். அது முற்றுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, மூளையைப் படம் பிடித்து அதன் அடையாளத்தைக் கண்டு கொள்ளும் வசதி இன்று வந்து விட்டது. வசதியோடு சேர்ந்து ஒரு கேள்வியும் வந்து நிற்கிறது. அப்படி முன்கூட்டி அறிவது நல்லதுதானா? அறிந்தால் அது யாருக்குரிய செய்தி? நோயாளிக்கா, அவருடைய பிள்ளைகளுக்கா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோட்டைப்பட்டினம், கோபாலப்பட்டினம், அம்மாப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் என்று கடலை ஒட்டியும், அறந்தாங்கி, அன்னவாசல் என்று உள்நாட்டிலும் நம் மக்கள் வாழும் ஊர்களின் நிலை யாவரும் அறிந்ததே. பிள்ளைகள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் என்று சபுரில் இருப்பார்கள். வீட்டில் பெரியவர்களும் மருமக்களும் சிறுவர்களுமே இருப்பார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை லீவில் வரும் மகன்தான் பல வீடுகளில் மாற்றத்தை முதலில் காண்கிறான். அசர் தொழுது விட்டு வந்த தகப்பனார் மீண்டும் வுளூச் செய்யப் போகிறார். "அத்தா, இப்பத்தானே தொழுதுட்டு வந்தீங்க?" என்றால் கோபம் வருகிறது. யாரிடம் எவ்வளவு பாக்கி என்று வாய்ப்பாடு போல் சொல்லி வந்தவர், கொடுத்த பணத்தையே மறுபடி கொடுக்கிறார். உடனிருப்பவர்கள் "வயசாச்சுல்ல" என்று விட்டு விடுகிறார்கள். மகனுக்கு மனம் கேட்பதில்லை. டாக்டரிடம் அழைத்துச் செல்கிறான். "ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்து விடலாம்" என்கிறார் டாக்டர். இங்கிருந்துதான் நாம் பேச வந்த விஷயம் தொடங்குகிறது.

அந்த ஸ்கேன் என்னென்ன என்று கொஞ்சம் விவரமாகவே சொல்வோம். அறியாமையினால்தான் சிலர் இதற்குப் பயப்படுகிறார்கள். சிலர் இதை அளவுக்கு மீறி நம்புகிறார்கள்.

1906-ல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் தாம் கண்டதை மருத்துவர் கூட்டத்தில் விவரித்தார். அவர் பார்த்த நோயாளி பிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனையில் இருந்த ஒரு பெண்மணி. அந்த அம்மையார் இறந்த பின்னர், மூளையை மெல்லிய துண்டுகளாக அறுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தே, அதில் படிந்திருந்த கசடுகளையும் நரம்புக்குள் திரண்டிருந்த முடிச்சுகளையும் அவர் கண்டார். அதன் பின் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இதுவே நிலைமை. ஒருவருக்கு இந்த நோய்தான் என்று அறுதியிட்டுச் சொல்ல அவர் மையித்தாக வேண்டும். உயிரோடிருப்பவரிடம் குணங்களைக் கொண்டு ஊகிக்கத்தான் முடிந்தது.

1971-ல் லண்டனில் சி.டி. ஸ்கேன் வந்தது. எக்ஸ்ரே கதிர்களைச் சுற்றிச் சுற்றிப் பாய்ச்சி மண்டையோட்டுக்குள் இருப்பதை அடுக்கடுக்காகக் காட்டும் கருவி அது. அதன் பின் காந்தத்தினால் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. வந்தது. மூளையின் பக்கவாட்டில், உள்ளே, கடற்குதிரையைப் போன்ற வடிவில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஹிப்போகாம்பஸ் என்பார்கள். புதிதாகக் கேட்டதையும் கண்டதையும் நினைவில் பதிப்பதற்கு அது வேண்டும். அல்சைமர் நோய் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குவதால், அது சுருங்கியிருப்பதை எம்.ஆர்.ஐ. படத்தில் காணலாம். ஐம்பது வருடத்துக்கு முந்திய கடல் பயணத்தைச் சொல்லும் பெரியவர், காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறப்பது இதனால்தான்.

மூன்றாவது பெட் ஸ்கேன். இதன் வரலாற்றில் நம் வாசகர்களுக்குப் பிடித்தமான செய்தி ஒன்று உண்டு. மூளை உயிர் வாழ்வது சர்க்கரையினால். அந்தச் சர்க்கரையில் சிறிது கதிரியக்கப் பொருளைச் சேர்த்து நரம்பில் ஏற்றினால், மூளையின் எந்தப் பகுதி உழைக்கிறது, எந்தப் பகுதி சோர்ந்து கிடக்கிறது என்று படத்தில் தெரியும். மனித மூளையை இவ்வாறு முதன் முதலாகப் படம் பிடித்தது 1976 ஆகஸ்டில், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக் கழகத்தில். அந்த மருந்தை மனிதருக்குச் செலுத்திய மருத்துவர் ஈரானிலுள்ள தப்ரீஸ் நகரில் பிறந்த அப்பாஸ் அலவி. பிறகு, கசடு படிவதையே ஒளிரச் செய்யும் மருந்துகள் வந்தன. பிட்ஸ்பர்க்கில் உருவாக்கிய மருந்தை 2002-ல் சுவீடனின் உப்சாலா நகரில் ஒரு நோயாளிக்குச் செலுத்தி, உயிரோடிருக்கும் மனிதர் மூளையில் அந்தப் படிவத்தைக் கண்டார்கள். 2012-ல் இதே வகையைச் சேர்ந்த ஒரு மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது. அந்த அனுமதிக்கு முன், ஆயுளின் கடைசிக் கட்டத்தில் இருந்த முதியோர் சிலர் முதலில் படமெடுத்துக் கொண்டு, தாம் இறந்த பின் மூளையை அறுத்து ஒப்பிட்டுப் பார்க்கவும் சம்மதித்திருந்தார்கள்.

நம் மாவட்டத்து வசதிக்கு வருவோம். புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017-ல் திறக்கப்பட்டது. சி.டி. ஸ்கேனுக்கு இன்று வெளியூர் போக வேண்டியதில்லை. பெட் ஸ்கேன் என்றால் திருச்சிக்கோ மதுரைக்கோ செல்ல வேண்டும். பல்லாயிரம் ரூபாய் ஆகும். கசடைக் காட்டும் தனி மருந்தோ நாட்டில் ஒரு சில பெருநகரங்களோடு நின்று விடுகிறது.

'இது பணக்கார நாட்டுக் கவலை, நமக்கென்ன?' என்று நினைக்க வேண்டாம். இந்திய முதியோரிடையே நடத்தப்பட்டு 2023-ல் வெளியான பெரிய ஆய்வின் கணக்குப்படி, 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு மறதி நோய்களில் ஏதோ ஒன்று இருக்கிறது. நாடு முழுவதும் சுமார் 88 லட்சம் பேர். நகரத்தை விடக் கிராமத்தில் அதிகம். ஆண்களை விடப் பெண்களிடம் அதிகம். ஆக இது நம் தெருவிலும், குறிப்பாக நம் தாய்மாரிடத்திலும் உள்ள விஷயம். கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் சீனிவாசபுரம் தாலுகாக் கிராமங்களில், 45 வயதைக் கடந்த 10,000 பேரை இலக்காகக் கொண்டு, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆராய்ச்சி மையம் பல்லாண்டு ஆய்வொன்றை நடத்தி வருகிறது. உழவுத் தொழில் செய்யும் மக்களின் மூளைப் படமும் அதில் சேர்த்தி.

இனி கேள்விக்கு வருவோம்.

சிலர் சொல்வார்கள்: வரப் போவதை முன்கூட்டிப் பார்ப்பது மறைவானவற்றைத் துருவுவதாகாதா, அது அல்லாஹ்வின் ஞானத்துக்கு உரியதல்லவா என்று. இது பொருத்தமற்ற அச்சம் என்பது நம் கருத்து. நாடி பிடித்து ஹகீம் காய்ச்சலைச் சொல்வதும், மேகத்தைப் பார்த்து மீனவர் காற்றைச் சொல்வதும் மறைவானதை அறிவதல்ல. அல்லாஹ் வைத்துள்ள அடையாளங்களைப் படிப்பதே. மருத்துவம் செய்து கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். முதுமை ஒன்றைத் தவிர எல்லா நோய்க்கும் மருந்து இறக்கப்பட்டிருக்கிறது என்ற கருத்தில் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் ஹதீஸ் இருப்பதை ஆலிம்கள் அறிவார்கள். 'இதுதான் முதுமையாயிற்றே, பிறகேன் வைத்தியம்?' என்பார்க்கு நம் பதில், வயது வேறு, நோய் வேறு என்பதே. தொண்ணூறிலும் தெளிவாக இருப்பவரை நாம் காணவில்லையா?

மேலும் அந்தப் படம் வருங்காலத்தைச் சொல்வதே இல்லை. 2015-ல் பல நாட்டு ஆய்வுகளை ஒன்று சேர்த்துக் கணக்கிட்ட போது, நினைவில் எந்தக் குறையும் இல்லாதவர்களிலேயே 50 வயதில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும், 90 வயதில் நூற்றுக்கு 44 பேருக்கும் மூளையில் அந்தக் கசடு படிந்திருப்பது தெரிந்தது. அவர்களில் பலர் நோயே வராமல் மவுத்தாவார்கள். அமெரிக்காவில் கிறிஸ்தவக் கன்னியாஸ்திரீகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்த ஆய்வொன்று உண்டு. அதில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் இறக்கும் வரை சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றார். இறந்த பின் பார்த்தால் மூளை முழுவதும் அல்சைமர் அடையாளங்கள்! படத்தில் கசடு தெரிந்தாலே நோய் என்று சொல்லலாமா என்பதில் மருத்துவ அறிஞர்கள் 2024-ல் இரு கூறாகப் பிரிந்தே எழுதினார்கள். ஆனால், எந்தக் குறையும் தோன்றாதவரை வழக்கமாக இச்சோதனைக்கு உட்படுத்த வேண்டாம் என்பதில் இரு சாராரும் ஒன்று பட்டார்கள். எனவே, "உடம்பு முழுக்கச் செக்கப், மூளைக்கும் சேர்த்து" என்று பெருநகரங்களில் விளம்பரம் செய்வதைக் கண்டு, நல்ல நிலையில் இருக்கும் தகப்பனாரைப் பிள்ளைகள் கொண்டு போய் நிறுத்துவதை நாம் ஆதரிக்க மாட்டோம்.

குறை தோன்றி விட்டவர் விஷயம் வேறு. அவருக்கு ஸ்கேன் எடுக்கத் தயங்கவே கூடாது. மறதிக்கு அல்சைமர் ஒன்றே காரணமல்ல. குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் இலேசாக அடிபட்டு, மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையே வாரக்கணக்கில் இரத்தம் கசிந்து தேங்கி, பெரியவர் தடுமாறிப் பேசுகிறார் என்றால் அதை ஒரு சாதாரண சி.டி. ஸ்கேன் காட்டி விடும். அறுவை செய்து இரத்தத்தை வெளியேற்றினால் மனிதர் மீண்டு விடுவார். மூளைக்குள் நீர் தேங்குவதும் படத்தில் தெரியும். தைராய்டு குறைவு, பி12 சத்துக் குறைவு, மனச் சோர்வு ஆகியவற்றைப் படத்தில் காண முடியாது; இரத்தச் சோதனையிலும் விசாரணையிலும் அறியலாம்; மருந்தும் உண்டு. "வயசாச்சுல்ல" என்ற ஒரு சொல்லினால் குணப்படுத்தக் கூடியதைக் குணப்படுத்தாமல் விடுவது பெற்றோருக்குச் செய்யும் பெரும் அநியாயமாகும்.

போகிற போக்கில் இன்னொன்று. படம் எடுக்கும் முன் டாக்டர்கள் சில கேள்விகள் கேட்டு நினைவைச் சோதிப்பார்கள். இன்று என்ன தேதி என்பார்கள். ரபீஉல் அவ்வல் பிறை எத்தனை என்று சரியாகச் சொல்லக் கூடிய மூதாட்டி ஆங்கிலத் தேதியை என்றைக்கு அறிந்தார்? படித்தவர்களுக்காக வகுத்த சோதனையில் படிக்காதவர்கள் தோற்பார்கள் என்பதைக் கண்டு, எழுத்தறியாதாருக்கும் பொருந்தும் சோதனையை உருவாக்கும் முயற்சி 1998-ல் தொடங்கிய 10/66 என்ற ஆராய்ச்சிக் குழுவினால் நடந்தது. வேலூரும் சென்னையும் அதில் பங்கு பெற்றன. உடன் செல்லும் மகளோ மருமகளோ இதை டாக்டருக்கு எடுத்துச் சொன்னால் குற்றமில்லை.

எல்லாச் சோதனையும் முடிந்து, இது அல்சைமரின் தொடக்கம்தான் என்று டாக்டர் சொல்லி விட்டார் என்று வைத்துக் கொள்வோம். அப்போது முன்கூட்டி அறிந்ததால் கிடைத்த லாபம் என்ன? மருந்தைப் பொறுத்த வரை லாபம் கொஞ்சம்தான். லெகனமாப் என்ற புதிய மருந்தை 1,795 பேரிடம் 18 மாதம் சோதித்து 2022 இறுதியில் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெறாதவர்களோடு ஒப்பிடுகையில் நோயின் போக்கு 27 சதவீதம் மெதுவாயிற்று. நோய் நிற்கவில்லை, போன நினைவு திரும்பவும் இல்லை. மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்படலாம் என்பதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கவும் வேண்டும். சர்க்கரை, இரத்த அழுத்தம், காது மந்தம் ஆகியவற்றைக் கவனிப்பதில் உள்ள பலன் இதற்குக் குறைந்ததல்ல. அதற்கு ஸ்கேனும் தேவையில்லை.

அப்படியானால் இந்த முன்னறிவு வீண்தானா? மருத்துவர் பார்வையில் அப்படித் தோன்றலாம். மார்க்கத்தின் பார்வையில் அப்படியல்ல. முன்கூட்டி அறிவதால் கிடைப்பது அறிவோடு இருக்கும் காலம். அதன் மதிப்பை ஈமானுள்ளவர் அறிவார். ஐந்துக்கு முன் ஐந்தைப் பேணிக் கொள்ளுமாறு, அவற்றில் முதுமைக்கு முன் இளமையையும் நோய்க்கு முன் ஆரோக்கியத்தையும் பயன்படுத்திக் கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் உபதேசித்தார்கள். வஸிய்யத்துச் செய்ய ஏதேனும் உள்ள ஒரு முஸ்லிம் அதை எழுதி வைத்துக் கொள்ளாமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்ற கருத்துடைய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நம் பெரியவர்களின் கொடுக்கல் வாங்கலில் எழுத்து எவ்வளவு, வாய்ச்சொல் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். கைமாற்றாக வாங்கியது, விசைப்படகில் போட்ட பங்கு, சபுரிலிருந்த காலத்தில் நண்பர் நம்பி ஒப்படைத்த நகை, மனைவிக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி, விட்டுப் போன ஜகாத்து, களாவான நோன்புகள் எல்லாம் அவர் நெஞ்சில் மட்டுமே உள்ளன. அந்த நெஞ்சு மறந்து விட்டால் பிறர் ஹக்கு அவரோடு போய் விடுகிறது. மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர் அவரல்லவா? இரண்டு மூன்று ஆண்டுகள் தெளிவான காலம் இருக்கிறது என்று தெரிந்தால், ஒரு நோட்டில் இவற்றையெல்லாம் எழுதித் தீர்த்துக் கொள்ளலாம். ஹஜ்ஜு கடமையாகியும் தள்ளிப் போட்டு வந்தவர் இனியும் தள்ள மாட்டார். பிள்ளைகளுக்குள் பேச்சில்லாமல் இருந்தால் சேர்த்து வைக்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, பின்னாளில் தமக்கு எப்படிச் சிகிச்சை அளிக்க வேண்டும், தம் சார்பில் யார் பேச வேண்டும் என்பதையும் எழுதி வைக்கலாம்.

இவை அத்தனையும் நோயாளி தாமே அறிந்தால்தான் நடக்கும். நடைமுறையில் என்ன காண்கிறோம்? ரிப்போர்ட்டு மகன் கையில் தரப்படுகிறது. டாக்டர் மகனிடமே பேசுகிறார். "அத்தாவுக்குத் தெரிய வேண்டாம், மனசு ஒடிஞ்சுடுவாங்க" என்று வீடு முழுவதும் ஒரு தீர்மானத்துக்கு வருகிறது. அண்ணன் தம்பி, சம்பந்தி, அடுத்த வீடு, சிங்கப்பூர் மச்சான் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தி, யாருடைய தலையைப் பற்றியதோ அவருக்கு மட்டும் தெரிவதில்லை. இதில் அன்பு இல்லையென்று நாம் சொல்ல மாட்டோம். இளகிய மனத்தினால்தான் மறைக்கிறார்கள். நோய் முற்றிய பின்னர் சொல்வதில் பயனில்லை என்பதும் உண்மை. சொன்னதை மறந்து, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டு வருந்துவார். தொடக்கத்தில் இருப்பவர் நிலை அதுவல்ல. அவர் அறிவுள்ளவர், மார்க்கக் கட்டளைகளுக்கு உட்பட்டவர். அவருடைய செய்தியை அவரிடமிருந்து ஒளிப்பது, அவருடைய அமானத்தை அவருக்குத் தராமல் வைத்துக் கொள்வதற்கு ஒப்பாகும் என்றே நாம் கருதுகிறோம்.

கேட்டால் உடைந்து போவார் என்பது எல்லோர் விஷயத்திலும் சரியல்ல. அல்சைமர் நோயாளிகளின் பிள்ளைகள் 162 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2009-ல் வெளியான ஆய்வொன்றில், இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் மரபணு தம்மிடம் உண்டா இல்லையா என்று ஒரு பகுதியினருக்குச் சொன்னார்கள், மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. ஓராண்டு கழித்துப் பார்த்த போது கவலையிலோ மனச் சோர்விலோ இரு சாராருக்கும் பெரிய வேறுபாடில்லை. முன்கூட்டி உட்கார வைத்துப் பேசி, விளங்க வைத்துச் சொன்னதே அதற்குக் காரணமாயிருக்கலாம். டெலிபோனில் கேட்டு மகள் அழுகிற அழுகையிலிருந்து தகப்பனார் தெரிந்து கொள்வதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

அறிய விரும்பாதவரும் உண்டு. டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டு பிடித்தோரில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன், 2007-ல் தம் மரபணு முழுவதையும் வெளியிடச் சம்மதித்த போது, அல்சைமரோடு தொடர்புள்ள அந்த ஒரு மரபணுவை மட்டும் தமக்கும் சொல்ல வேண்டாம் என்று கூறி விட்டார். அவருடைய பாட்டியாருக்கு அந்நோய் இருந்தது. இதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்றவர் அவரே. அவருக்காக வேறு யாரும் சொல்லவில்லை. எனவே ஸ்கேன் எடுக்கப் போகும் முன்பே, "அத்தா, இதில் மறதி நோய் ஏதாவது தெரிய வந்தால் உங்களுக்குச் சொல்லவா, எங்களோடு வைத்துக் கொள்ளவா?" என்று கேட்டு விடுவது முறை. சொல்லு என்றால் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால், கடன்களையும் அமானத்துகளையும் எழுதி வைக்கும்படி மட்டுமாவது கேட்டுக் கொள்ளலாம். அதற்கு நோயைச் சொல்ல வேண்டியதில்லை. இனி வருங்காலத்தில் ஸ்கேன் கூட வேண்டியிராது. 2025 மே மாதம் அமெரிக்காவில் இந்நோயைக் கண்டறிய உதவும் இரத்தச் சோதனை ஒன்றுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. ஊசி போடும் நேரத்தில் தெரிந்து விடும் செய்தி என்றால், கேட்டுக் கொண்டு சோதிப்பது இன்னும் அவசியமாகிறது.

மறைப்பதை விடப் பெரிய கேடு ஒன்றுண்டு. அதையும் சொல்லாமல் விட முடியாது. ரிப்போர்ட்டு வந்த மறு வாரமே ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வண்டி பிடிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். புத்தி முழுதாகப் போகும் முன் வீட்டையும் தோப்பையும் எழுதி வாங்கி விட வேண்டும் என்ற அவசரம். எழுதப்படுவது பெரும்பாலும் ஆண் மக்கள் பெயரில். கட்டிக் கொடுத்த மகளுக்கு அல்லாஹ் விதித்த பங்கு அந்தக் காகிதத்தில் காணாமல் போகிறது. தெளிவோடு இருக்கும் தந்தை தாமே முன்வந்து எழுதினாலும், நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக நிற்க நபி (ஸல்) அவர்கள் மறுத்து விட்டதை நாம் மறக்கலாகாது. வஸிய்யத்து என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. வாரிசுக்கு வஸிய்யத்தும் இல்லை. பிள்ளைகளின் பதற்றத்தை வைத்து ஒரு மனிதரின் கடைசித் தெளிவான நாட்களை அபகரிப்பதற்காக வந்ததல்ல இந்தப் படம்.

இன்னும் சிலர் நேர் மாறாக, படத்தைக் காட்டி, "இவருக்கு மூளை சரியில்லை, இவர் கையெழுத்துச் செல்லாது" என்று பெரியவர் வாயையே அடைத்து விடுவார்கள். தம் பணத்தில் ஸதகா கொடுக்க விடுவதில்லை. மகள் வீட்டுக்கு ஒரு புடவை வாங்கவும் விடுவதில்லை. இதற்கும் மார்க்கத்தில் இடமில்லை. அறிவு இருக்கிறதா இல்லையா என்பதைப் பேச்சிலும் செயலிலும்தான் நம் ஃபுகஹாக்கள் பார்த்தார்கள். சிஸ்டர் மேரியின் மூளையைப் பார்த்துத் தீர்ப்பளித்திருந்தால் என்னவாகியிருக்கும்?

ஹனஃபி மத்ஹபின் நூல்கள் இதில் காட்டும் நுட்பம் வியக்கத் தக்கது. முழுப் பைத்தியம் வேறு, புத்தி மட்டுப்பட்டுக் குழம்பிய மஅதூஹ் வேறு என்று பிரித்தார்கள். பின்னவரை விவரமறிந்த சிறுவரின் நிலையில் வைத்து, அவருடைய செயல்களை மூன்றாக வகுத்தார்கள். அவருக்கு முழுக்க நன்மையானது, ஒருவர் தரும் அன்பளிப்பை ஏற்பது போன்றது, யாருடைய அனுமதியும் இன்றிச் செல்லும். லாபமோ நஷ்டமோ வரக் கூடிய வாங்கல் விற்றல் பொறுப்பாளரின் அனுமதியோடு செல்லும். முழுக்க நஷ்டமானது, தம் சொத்தை இனாமாகக் கொடுப்பது போன்றது, பொறுப்பாளர் அனுமதித்தாலும் செல்லாது. ஷாஃபிஈ மத்ஹபில் விவரங்கள் வேறுபடுகின்றன. உள்ளூர் ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளவும். இடையிடையே தெளிவு திரும்பினால் அந்தத் தெளிவான நேரத்துச் செயல் அறிவுள்ளவரின் செயலாகவே கொள்ளப்படும். அறிவு என்பது இருக்கிறது அல்லது இல்லை என்ற இரண்டே நிலை அல்ல, காரியத்துக்குக் காரியம் அளந்து பார்க்க வேண்டியது என்பதை ஸ்கேன் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர்கள் கண்டிருந்தார்கள். மகன் அண்மையில் எழுதி வாங்கிய இனாம் பத்திரத்தில் குழம்பிய தகப்பனாரின் ரேகை இருந்தால், அது சார்பதிவாளர் முத்திரையினால் ஹலாலாகி விடாது. தெளிவோடு எழுதிக் கொடுத்து விட்டுப் பின்னர் சோற்றுக்குத் திண்டாடும் பெற்றோருக்கு, பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையோடு எழுதியிருந்தால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்ய வழி வைத்திருக்கிறது.

புத்தி உண்மையிலேயே குறைந்தவர் விஷயத்தில் அந்நிஸா அத்தியாயத்தின் ஐந்தாம் வசனத்தை ஓதிப் பாருங்கள். பொருளை அவர்கள் கையில் விட்டு விட வேண்டாம் என்று சொல்லும் அதே வசனம், அதிலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்து, அவர்களிடம் நல்ல சொல் பேசுமாறும் ஏவுகிறது. அல்பகராவின் கடன் பற்றிய நீண்ட வசனமும் புத்தி குறைந்தவர் சார்பில் அவருடைய பொறுப்பாளர் நீதியோடு வாசகம் சொல்ல வேண்டும் என்கிறது. பொறுப்பாளராக வருபவருக்கு அதிகாரம் எவ்வளவோ அவ்வளவு கணக்கும் உண்டு.

அறிந்து கொண்ட பின் ஏதும் அறியாதவராகி விடும் அந்தத் தள்ளாத வயதைப் பற்றி அந்நஹ்லிலும் அல்ஹஜ்ஜிலும் அல்லாஹ் கூறுகிறான். நபி (ஸல்) அவர்கள் அதிலிருந்து பாதுகாப்புத் தேடினார்கள். குர்ஆன் ஓதி வருபவருக்கு அந்நிலை வராது என்று முன்னோர் சிலரின் கூற்றும் தஃப்ஸீர்களில் உண்டு. அதை ஓதுவதற்கு ஆர்வமூட்டும் சொல்லாக எடுத்துக் கொள்ள வேண்டுமே தவிர, "ஓதிய மனுஷனுக்கு ஏன் இப்படி?" என்று நோயாளியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கு ஆதாரமாக்கலாகாது. நோய் என்பது பழி அல்ல. எழுதுகோல் உயர்த்தப்பட்ட மூவரைப் பற்றிய ஹதீஸில், அபூதாவூத் குறிப்பிடும் ஓர் அறிவிப்பு முதுமையால் புத்தி தடுமாறியவரையும் சேர்த்துச் சொல்கிறது. எழுதுகோல் உயர்ந்து விட்டவரை நாம் ஏன் எழுத வேண்டும்?

கடைசியாக, வீட்டார் அடிக்கடி கேட்கும் ஒரு விஷயம். நோய் நடு நிலையில் இருக்கும் போது பெரியவர் தொழ நிற்கிறார். எத்தனை ரக்அத்து என்று தெரியவில்லை. ஒரு ஸஜ்தாவா இரண்டா என்று குழம்புகிறார். தொழ விடுவதா, தடுப்பதா? ரக்அத்தும் ஸஜ்தாவும் குழம்பும் அளவுக்கு நோயுற்றவர் மீது அந்தத் தொழுகையை நிறைவேற்றுவது கட்டாயமில்லை என்றும், பக்கத்தில் ஒருவர் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க அவர் தொழுது விட்டால் அது அவருக்குப் போதுமாகும் என்றும் ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் காணப்படுகிறது. அறிவு முழுதும் நீங்கியவருக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை; உடல் தளர்ந்தும் அறிவோடிருப்பவருக்குரிய ஃபித்யாவை அவருக்காகக் கணக்கிட்டுக் கலங்க வேண்டியதும் இல்லை. சிறு வயதில் மனனம் செய்தவை இந்நோயில் கடைசி வரை தங்குவது வழக்கம். ஆகவே காலையில் இட்லி தின்றதை மறந்தவர் ஃபாத்திஹாவைப் பிசகாமல் ஓதுவார். ஸஃப்பில் அவருக்குப் பக்கத்தில் நிற்பவர் அவர் கையை இலேசாகத் தொட்டு உட்கார வைத்தால், ஜமாஅத்தார் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டிலானால் பேரனோ மகளோ முஸல்லாவின் ஓரத்தில் அமர்ந்து, "இப்ப ருகூவு", "இன்னொரு ஸஜ்தா இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிக் கொண்டிருக்கலாம்.